சிரிப்புக் குறியை அழித்துவிட்டு வாருங்கள்

பொலிஸ்காரர் ஒருவர் கடமையில் செத்துப்போனார் என்று கைபேசியில் செய்தி வருகிறது. அரை மணித்தியாலம் போவதற்குள் அதன் கீழே சிரிக்கும் முகங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. போடுகிறவர்களில் எங்கள் வல்வெட்டித்துறைப் பிள்ளைகளும் உண்டு. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்துகொண்டு போடுகிற எங்கள் சொந்தங்களும் உண்டு. தம்பிமாரே, தங்கச்சிமாரே, முதலில் அதை அழியுங்கள். பின்னேரம் பார்ப்போம் என்று வைக்காதீர்கள். செத்தவரின் பிள்ளையும் கைபேசி வைத்திருக்கும். அழித்துவிட்டு வாருங்கள், ஏன் என்று பிறகு பேசுவோம்.

உங்கள் கோபத்துக்குக் காரணம் இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. 2016 ஒக்டோபர் 20ஆம் திகதி இரவு கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியில் பல்கலைக்கழக மாணவர் இருவர் மோட்டார் சைக்கிளோடு விழுந்து கிடந்தபோது விபத்து என்றுதான் முதலில் சொன்னார்கள். பொலிஸார் சுட்டது பிறகுதான் வெளியே வந்தது. ஐந்து பொலிஸ்காரர் கைதானார்கள். பொலிஸ் காவலில் அடிபட்டுச் செத்தவர்களுக்காக இன்னும் நீதிமன்றப் படி ஏறி இறங்குகிற தாய்மார் இந்த மண்ணில் இருக்கிறார்கள். காக்கிச் சட்டையைக் கண்டதும் படலையைச் சாத்துகிற பழக்கம் எங்கள் ஊரில் சும்மா வரவில்லை. இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் கேட்கிறேன்.

குளப்பிட்டிச் சம்பவம் நடந்து ஒன்பது மாதத்தில், 2017 ஜூலை 22, சனிக்கிழமை பின்னேரம். நல்லூர்க் கந்தனின் கொடியேற்றத்துக்குச் சில நாள்களே இருந்தன. கோயிலுக்குப் பின்பக்கச் சந்தியில் வாகன நெரிசல். யாழ்ப்பாண மேல் நீதிமன்ற நீதிபதி மா. இளஞ்செழியனின் கார் அதற்குள் அகப்பட்டுக்கொண்டது. வழியை ஒழுங்குபடுத்தப் போன அவருடைய மெய்ப்பாதுகாவலர் சார்ஜன்ட் சரத் ஹேமச்சந்திரவின் கைத்துப்பாக்கியை ஒருவன் பறித்து அவரையே சுட்டான். மற்ற மெய்ப்பாதுகாவலர் நீதிபதியைக் காப்பாற்றித் திருப்பிச் சுட்டார். அவருக்கும் காயம். ஹேமச்சந்திர யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் 23ஆம் திகதி அதிகாலை இறந்தார். வயது 51. சிலாபத்துச் சிங்களவர். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அந்த ஒரு நீதிபதிக்குப் பக்கத்திலேயே நின்றவர். இலக்கு நீதிபதிதானா, வாய்த்தர்க்கத்தில் நடந்ததா என்று அப்போது பெரிய விவாதம் நடந்தது. செத்தவருக்கு அதில் எந்த வித்தியாசமும் இல்லை.

பிறகு நடந்ததை நாடே பார்த்தது. ஹேமச்சந்திரவின் மனைவி வைத்தியசாலைக்கு வந்தபோது மேல் நீதிமன்ற நீதிபதி அழுதுகொண்டே அந்த அம்மாவின் காலில் விழுந்தார். அந்தப் படம் தமிழ்ப் பத்திரிகையிலும் சிங்களப் பத்திரிகையிலும் வந்தது. நீதிபதி என்றால் கண் கலங்கக்கூடாது, இது நாடகம் என்றுகூடச் சிலர் கதைத்தார்கள். கதைக்கட்டும். எனக்கு அந்தப் படத்தைவிடப் பெரிதாகப் படுவது பக்கத்துச் செய்தியில் இருந்த இரண்டு வரி. பிள்ளைகள் இருவரையும் தன் பிள்ளைகளாகப் பார்த்துக்கொள்வேன் என்று அவர் சொன்னார். சிலாபத்தில் நடந்த இறுதிக் கிரியைக்கும் போனார். காலில் விழுவது அரை நிமிட வேலை. பிள்ளைகளை ஏற்பது ஆயுட்கால வேலை. துக்கம் காப்பது என்றால் இரண்டாவதுதான்.

ஹேமச்சந்திர எதற்குக் காவல் நின்றார் என்பதையும் மறந்துவிடாதீர்கள். புங்குடுதீவு மாணவியின் கொலைக்கு நீதி கேட்டு 2015 மே மாதத்தில் வடக்கு முழுக்கக் கடையடைத்தோம், ஊர்வலம் போனோம். ஆத்திரத்தில் யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டடத்துக்கே கல்லெறிந்தவர்களும் உண்டு. அந்த வழக்கை விசாரித்த மூன்று நீதிபதிகளில் ஒருவர் இளஞ்செழியன். 2017 ஜூலையில், நல்லூரில் வெடி கேட்ட நேரத்தில், வழக்கு நடந்துகொண்டிருந்தது. செப்டெம்பர் 27ஆம் திகதி ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்துத் தீர்ப்பு வந்தது. நாங்கள் தெருவில் நின்று கேட்ட நீதி மேசைக்கு வருவதற்கு ஒரு சிங்களச் சார்ஜன்ட் வெயிலிலும் மழையிலும் கார்க் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். தீர்ப்பு வந்த அன்று பட்டாசு கொளுத்தத் துடித்தவர்களில் எத்தனை பேருக்கு அவருடைய நினைவு வந்தது?

இனி, துக்கம் வழி தவறினால் என்ன ஆகும் என்பது. இதை யாழ்ப்பாணத்தானுக்கு, அதிலும் வல்வெட்டித்துறையானுக்கு, யாரும் புத்தகம் வைத்துப் படிப்பிக்கத் தேவையில்லை.

1981 மே 31, யாழ்ப்பாணம் நாச்சிமார் கோயிலடியில் தேர்தல் கூட்டம். காவலுக்கு நின்ற பொலிஸ்காரர்கள் மீது சூடு விழுந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். அவர்களுக்கும் வீடு இருந்திருக்கும், வாசலில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இருந்திருப்பார்கள். அந்த இரண்டு வீடுகளுக்கும் போயிருக்கவேண்டிய சக பொலிஸாரின் கால்கள் யாழ்ப்பாணச் சந்தைக்குப் போயின, ஈழநாடு அலுவலகத்துக்குப் போயின, மறுநாள் இரவு பொது நூலகத்துக்குப் போயின. 97,000 புத்தகங்கள் சாம்பல். இன்று நூலகம் எரிந்ததை உலகமே சொல்கிறது. அந்த இரண்டு பொலிஸ்காரரின் பெயரைச் சொல்ல யாழ்ப்பாணத்தில் ஆளில்லை. பழிவாங்கப் புறப்பட்டவர்கள் தங்கள் ஆள்களின் சாவையே அழித்துவிட்டார்கள் என்றுதான் நான் சொல்வேன்.

1983 ஜூலை 23 திருநெல்வேலியில் இறந்த 13 இராணுவத்தினரின் கதையும் அதுதான். கொழும்பு கனத்தை மயானத்தில் துக்கத்துக்குக் கூடிய சனம் அங்கிருந்தே பொரளைக் கடைகளை எரிக்கப் புறப்பட்டது. கறுப்பு ஜூலை ஒரு சுடலையில் தொடங்கியது. 1989 ஓகஸ்ட் 2ஆம் திகதி எங்கள் சொந்த ஊர்ச் சந்தைக்குப் பக்கத்தில் புலிகளின் தாக்குதலில் ஆறு இந்தியப் படையினர் இறந்தார்கள். அமைதிப்படை என்று பெயர் வைத்துக்கொண்டு வந்தவர்கள் ஊருக்குள் இறங்கினார்கள். வீடும் கடையும் வள்ளமும் வலையும் எரிந்தன. 50க்கும் மேற்பட்ட சனம் செத்தது. ஊரவரின் கணக்கு 60ஐயும் தாண்டும். அந்தப் பெயர்களைப் பிரஜைகள் குழு வீடு வீடாகப் போய் எழுதி வைத்திருக்காவிட்டால் அந்தச் சாவுகளும் ஒரு எண்ணாகவே போயிருக்கும்.

மூன்றிலும் நடந்தது ஒன்றுதான். ஒரு மனிதனின் சாவை ஒரு கூட்டத்தின் கடன் கொப்பியில் எழுதி, மற்றக் கூட்டத்திடம் வசூலிக்கப் போனார்கள். கைபேசியில் நீங்கள் போடுகிற சிரிப்பு முகமும் அந்தக் கொப்பியில் விழுகிற ஒரு வரிதான். குளப்பிட்டியில் சுட்டது ஒருவர், நல்லூரில் செத்தது வேறொருவர். சட்டை ஒன்று என்பதற்காக இருவரையும் ஒரே ஆளாக்கினால், எங்கள் ஊரில் பிறந்த ஒரே குற்றத்துக்காக எங்களைச் சுட்டவனின் வாதத்தை நாங்களே ஏற்றுக்கொண்டதாகிவிடும்.

எங்கள் பக்கத்துக் கணக்கையும் மறைக்கவேண்டாம். 1990 ஜூன் மாதம் கிழக்கில் பொலிஸ் நிலையங்களை ஒப்படைத்துவிட்டுச் சரணடையும்படி கொழும்பிலிருந்து உத்தரவு போனது. சரணடைந்த நூற்றுக்கணக்கான சிங்கள, முஸ்லிம் பொலிஸ்காரர்களைப் புலிகள் கொன்றார்கள். கையில் ஆயுதம் இல்லாதவர்கள். 2005 ஓகஸ்டில் யாழ்ப்பாணப் பொலிஸ் உயரதிகாரி சார்ள்ஸ் விஜேவர்த்தன, இணுவிலில் ஆத்திரப்பட்டுக் கூடிய சனத்தைச் சமாதானப்படுத்தப் போனவர், கடத்திக் கொல்லப்பட்டார். இதைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் வாய் திறப்பதில்லை. திறக்கவேண்டும், அதுவும் எங்கள் துயரங்களைச் சொல்கிற அதே குரலில்.

கடமையில் செத்தவர் எல்லாரும் புனிதர் ஆகிவிடுவார்கள் என்பதல்ல என் வாதம். உயிரோடு இருந்தபோது அடித்தவர், லஞ்சம் வாங்கியவர், பொய்யாக எழுதியவர் செத்த பிறகு நல்லவராகிவிடமாட்டார். அதை எழுத வேண்டிய இடத்தில் எழுதலாம், சாட்சியாகச் சொல்லலாம். செத்தவீட்டு வாசலில் நின்று சிரிக்க அது உரிமை தராது. (பொலிஸார் தங்கள் வீரர் தினமாக அனுஷ்டிக்கிற மார்ச் 21, கொள்ளைக்காரன் சரதியேலைப் பிடிக்கப்போய் 1864இல் சூடுபட்டு இறந்த கொன்ஸ்டபிள் சபானின் நாள். அவர் ஒரு மலாய்க்காரர். அந்தக் கொள்ளைக்காரனுக்கு மாவனல்லைப் பக்கம் ஒரு காட்சிக் கிராமமே கட்டி வைத்திருக்கிறார்கள். சபானைக் கேட்டால் சிங்களவரிலும் பலருக்குத் தெரியாது. அந்த விஷயத்தில் நாங்கள் எல்லாரும் ஒரே நாட்டுக்காரர்தான்.)

செத்தவீட்டில் என்ன செய்யவேண்டும் என்று எங்கள் ஊருக்குத் தெரியும். அந்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அயலட்டைதான் சோறு கொண்டுபோகும். கோபதாபம் உள்ளவனும் வந்து முற்றத்தில் கதிரை அடுக்குவான். காடாத்து, எட்டு, அந்தியேட்டி என்று முப்பத்தொரு நாளும் அந்த வீட்டைத் தனியே விடமாட்டோம். வழக்குப் பேசிக்கொண்டிருந்த சகோதரர்கள் பந்தம் பிடிக்கிற இடத்தில் பக்கத்தில் நின்றதை நீங்களும் கண்டிருப்பீர்கள். இந்த மரியாதையை ஊர் எல்லையோடு நிறுத்தவேண்டும் என்று எந்தப் பெரியவர் சொன்னார்? யாழ்ப்பாணத்தில் கடமை செய்து, யாழ்ப்பாணத்து வீதியில் சூடுபட்டு, யாழ்ப்பாண வைத்தியசாலையில் கண்மூடியவரின் வீடு எங்களுக்கு அயல் வீடு இல்லையா?

ஆகவே செய்யவேண்டியதைச் சொல்கிறேன். காயப்பட்ட பொலிஸ்காரரின் இரத்தப் படம் வந்தால் பகிராதீர்கள். சுட்டவன் எந்த ஊர், எந்தச் சாதி என்று கிளறாதீர்கள். நீங்கள் அந்தச் சந்தியில் நின்று கண்டிருந்தால், பொலிஸுக்குப் போய்ச் சொல்லுங்கள், நீதிமன்றத்துக்கும் போங்கள். இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது, இதுதான் முதலாவது மரியாதையும். எங்களுக்கேன் வில்லங்கம் என்று கண்டதைக் காணாத மாதிரி வீட்டுக்குப் போகிறவன் பிறகு எத்தனை மெழுகுதிரி கொளுத்தினாலும் எனக்குக் கணக்கில்லை. புலம்பெயர்ந்த சொந்தங்களே, கோயில் கோபுரத்துக்குக் காசு அனுப்புகிற நீங்கள், கடமையில் செத்த ஒரு கொன்ஸ்டபிளின் பிள்ளையின் படிப்புக்கு, அது சிங்களப் பிள்ளையாக இருந்தாலும், ஒரு பங்கு ஒதுக்குங்கள். பெயர்ப் பலகை கேட்காமல் செய்யுங்கள்.

பொலிஸ் அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. தீருவில் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். 1987 ஒக்டோபரில் புலிகளின் தளபதிகளான குமரப்பா, புலேந்திரன் முதலிய பன்னிருவரின் உடல்களை நாங்கள் எரித்த இடம். அங்கே நின்ற நினைவுத் தூபியை இராணுவம் இடித்தது. கார்த்திகை வந்தால் அங்கே விளக்கேற்றப் போகிற தாயை நீங்கள் நீதிமன்றத் தடையுத்தரவைக் காட்டி மறித்ததும் உண்டு. உன் பிள்ளைக்கு அழ விடாதவனுக்காக அழு என்று அந்தத் தாயிடம் நான் எந்த வாயால் கேட்பது? உங்கள் சகாவுக்கு மரியாதை வேண்டும் என்றால் வீதியை மறிக்காதீர்கள். குளப்பிட்டி போல ஒன்று நடந்தால் விபத்து என்று எழுதாதீர்கள். ஹேமச்சந்திரவின் சட்டைக்கு அழுக்குப் படாமல் வைத்திருக்கவேண்டியது நீங்கள்.

ஆனால் அவர்கள் திருந்திய பிறகுதான் நாங்கள் திருந்துவோம் என்று காத்திருக்கவேண்டாம் பிள்ளைகளே. அப்படிக் காத்திருந்தே இரண்டு தலைமுறை போய்விட்டது. இளஞ்செழியன் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

ஜூலை 22 வருகிறது. மறுநாள் கறுப்பு ஜூலையின் நாள். ஹேமச்சந்திர உயிர் விட்டதும் அதே நாளில்தான். 22ஆம் திகதி பின்னேரம் பருத்தித்துறை பஸ் எடுத்து நல்லூருக்கு வாருங்கள். பின்வீதிச் சந்தியில் ஒரு விளக்கு வைப்போம். கொடியும் வேண்டாம், பேச்சும் வேண்டாம். எங்கள் 1989ஆம் ஆண்டுப் பெயர்களையும் அங்கேயே மனதுக்குள் சொல்லிக்கொள்ளலாம், யாரும் குறைவாக நினைக்கப்போவதில்லை. சிங்களம் எழுதத் தெரிந்தவர் உங்கள் தெருவில் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள். சிலாபத்துக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும்.