கல்லுக்குள் இருக்கும் கிருமி

சிறுநீரகக் கல்லை எடுத்த மறுநாள் காய்ச்சல் வந்தால், தியேட்டர் சுத்தமில்லையோ, கருவியைச் சரியாகக் கழுவவில்லையோ என்றுதான் வீட்டார் முதலில் சந்தேகப்படுகிறார்கள். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் கிருமி வெளியிலிருந்து வருவதில்லை. நோயாளியின் சிறுநீரிலோ கல்லுக்குள்ளேயோ அது முன்பே இருந்திருக்கும்.

புரோட்டியஸ் போன்ற சில பாக்டீரியாக்கள் யூரியேஸ் என்ற நொதியைச் சுரக்கின்றன. அது யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகிறது. சிறுநீரில் காரத்தன்மை ஏற, மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் சேர்ந்து ஸ்ட்ரூவைட் என்னும் கல்லாகப் படிகின்றன. கல் வளர வளர, அதை உண்டாக்கிய கிருமியும் அடுக்கடுக்காக உள்ளே அடைபடுகிறது. சிறுநீரகக் குழி முழுவதும் கிளைவிட்டுப் படரும் பெரிய கற்கள் பலவும் இவ்வகைதான். ஆன்டிபயாட்டிக் சிறுநீரைச் சுத்தமாக்கலாம். கல்லின் நடுப்பகுதி வரை அது போய்ச் சேர்வது கடினம். சாதாரணக் கால்சியம் கற்களிலும் கிருமி ஒளிந்திருப்பதுண்டு.

அந்தக் கல்லைத்தான் உடைக்கிறார்கள். 1976இல் ஃபெர்ன்ஸ்ட்ரோமும் யோஹான்சனும் சுவீடனில் செய்து காட்டிய வழியில் முதுகுப்புறம் சிறு துளையிட்டு எடுக்கலாம்; சிறுநீர்ப் பாதை வழியாகவே மெல்லிய கருவியைச் செலுத்தி லேசரால் பொடிக்கலாம். எப்படிச் செய்தாலும், உள்ளே கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் சலைன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சிறுநீரகத்தின் உள்குழியோ மிகச் சிறியது. உள்ளே போகும் நீருக்கு ஈடாக வெளியேறாவிட்டால் அழுத்தம் ஏறுகிறது. அது 30 முதல் 40 மில்லிமீட்டர் பாதரச அளவை எட்டும்போது, நீர் சிரைகளுக்குள்ளும் நிணநீர் நாளங்களுக்குள்ளும் பின்னோக்கிக் கசியத் தொடங்குகிறது. உடைந்த கல்லிலிருந்து விடுபட்ட கிருமியும் அதன் நச்சும் அந்த நீரோடு ரத்தத்தில் கலக்கின்றன. செப்சிஸ் என்னும் ஆபத்து இப்படித்தான் தொடங்குகிறது.

நேரம் நீள நீள இந்த ஆபத்தும் கூடுகிறது. அதனால் பெரிய கல்லாக இருந்தால் பாதியில் நிறுத்தி, இன்னொரு நாள் மிச்சத்தை எடுக்கலாம் என்று மருத்துவர் சொல்வதுண்டு. "ஒரே தடவையில முடிச்சிடுங்க டாக்டர்" என்று செலவுக்கு அஞ்சி வற்புறுத்துபவர்களின் கஷ்டம் புரிகிறது. ஆனாலும் இந்த இடத்தில் மருத்துவர் பேச்சைத்தான் கேட்க வேண்டும்.

அறுவைக்கு முன் சிறுநீரில் கிருமி உண்டா என்று பார்க்கும் யூரின் கல்ச்சருக்கும் இதே பொறுமை தேவை. முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். கிருமி வளர்ந்திருந்தால், அதற்கேற்ற மருந்து கொடுத்துவிட்டுத்தான் அறுவை. முன்பு எப்போதோ வாங்கி மிஞ்சிய மாத்திரையைத் தாமாகப் போட்டுக்கொண்டு போவது பெரிய கெடுதல்: சோதனை முடிவு மறைந்துபோகும், கிருமி மறையாது. கல்ச்சர் சுத்தமாக வந்தாலும் முழுக்க நம்பிவிட முடியாது. கல் குழாயை அடைத்திருந்தால், கீழே சிறுநீர்ப்பையில் தெளிந்த நீரும் அடைப்புக்கு மேலே சீழும் இருக்கலாம். எடுத்த கல்லின் துண்டையும் கல்ச்சருக்கு அனுப்புவது அதனால்தான். அடைப்போடு காய்ச்சலும் இருந்தால் கல்லை அப்போது தொடக்கூடாது. சிறுநீர்க் குழாய்க்குள் டிஜே ஸ்டென்ட் என்னும் மெல்லிய குழாயையோ, முதுகு வழியாக ஒரு குழாயையோ வைத்துத் தேங்கியதை வடித்துவிட்டு, தொற்று அடங்கிய பிறகே கல்லை எடுக்க வேண்டும்.

சிகிச்சைக்குப் பின் சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போவதும், ஸ்டென்ட் இருக்கும்வரை எரிச்சலும் விலாவலியும் இருப்பதும் வழக்கம்தான். ஆனால் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், உடலை உலுக்கும் குளிர், மூச்சு வேகம், பேச்சில் குழப்பம், சிறுநீர் குறைவு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது. அந்த இரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதியவர்களுக்குக் காய்ச்சலே வராமல் உடல் சில்லிட்டுப் போகலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும், அடிக்கடி சிறுநீர்த் தொற்று வந்த பெண்களுக்கும் கூடுதல் கவனம் வேண்டும்.

டிஜே ஸ்டென்ட் சில வாரங்களுக்கு மட்டும் வைப்பது. வலி தீர்ந்ததும் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தால் அதன்மேல் கிருமிப் படலம் ஒட்டும், புதுக் கல்லும் படியும். எந்தத் தேதியில் அதை எடுக்க வேண்டும் என்று டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.