கையில் வந்ததெல்லாம் ஹதீஸா?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

 

ஹிரா குகையில் இறங்கிய முதல் வஹீ 'இக்ரஃ' என்றே தொடங்கிற்று. அதனால் நாம் ஓதும் சமுதாயம் ஆனோம். நம் முன்னோர் அரபுத் தமிழில் கையால் எழுதி ஓதினார்கள். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை இராகமிட்டுப் படிக்கக் கேட்டார்கள். அதன் 5,027 பாடல்கள் இன்று செல்போனிலேயே கிடைக்கின்றன. திருமறையும் தர்ஜமாவும் சட்டைப் பையில் இருக்கின்றன. எறையூர், வி.களத்தூர், லெப்பைக்குடிக்காடு என நம் பகுதியில், வளைகுடாவில் உழைக்கும் மகன் அனுப்பிய பயானைத் தாய் அந்த நிமிடமே கேட்கிறாள். இது அல்லாஹ்வின் நிஃமத். இதை நாம் பழிக்க வரவில்லை.

நம் கவலை வேறு. படிப்பது குறைந்து, பகிர்வது பெருகிவிட்டது. "இந்த ஹதீஸைப் பத்துப் பேருக்கு அனுப்பு, நற்செய்தி வரும். அனுப்பாவிட்டால் கேடு வரும்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. முழுவதும் படிக்குமுன்பே விரல் அனுப்பிவிடுகிறது.

இது பழைய நோய்தான். மதீனாப் பள்ளியின் ஊழியர் ஷேக் அஹ்மது என்பவர் கண்ட கனவு என்று ஒரு நோட்டீஸ், நூறாண்டுக்கு மேலாக நாடுதோறும் சுற்றியது. அது கட்டுக்கதை என்று 1999-இல் மறைந்த ஷேக் அப்துல் அஸீஸ் பின் பாஸ் விரிவாக மறுத்தெழுதினார். அன்று ஒரு பிரதி எடுக்கக் காசும் நேரமும் வேண்டும். இன்று இரண்டும் வேண்டியதில்லை. ஆகவே பொய்க்கு வேகம் கூடிவிட்டது.

ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களைப் பாருங்கள்! ஒரே ஒரு ஹதீஸைக் கேட்டவரின் வாயிலிருந்தே கேட்பதற்காக ஒட்டகம் வாங்கி, ஒரு மாதம் பயணம் செய்து, ஷாம் தேசத்தில் அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களின் வாசலில் போய் நின்றார்கள். யமாமா போருக்குப் பின் திருமறையைத் திரட்டிய ஜைது இப்னு தாபித் (ரலி) தாமே மனனம் செய்தவர்கள். அப்படியிருந்தும் தம் நினைவை மட்டும் நம்பாமல், எழுத்தையும் பிறர் மனனத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தே எழுதினார்கள்.

செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி திருமறை (49:6) கட்டளையிடுகிறது. கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யர் என்பதற்குப் போதுமென்று நபிகளார் எச்சரித்தது ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையில் உள்ளது. அவர்கள் சொல்லாததை அறிந்தே அவர்கள் பெயரால் சொல்பவனுக்கோ தங்குமிடம் நரகம். 'நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்' என்பது அங்கே சாட்சியாகுமா?

எனவே அனுப்புமுன் மூன்று காரியம் செய்வோம். முழுவதும் படிப்போம். எந்தக் கிதாபு, எத்தனையாவது ஹதீஸ் என்று பார்ப்போம். நூலின் பெயர் போட்டிருந்தாலும் மஹல்லா ஆலிமிடம் ஒரு சொல் கேட்போம். தெளிவு கிடைக்கவில்லையா? நம்மோடு நிறுத்திக்கொள்வோம். அனுப்பாததற்காக எந்தக் கேடும் வராது.

மஃரிபுக்குப் பின் செல்போனை ஓரம் வைத்து, பிள்ளைகளோடு ஒரு பக்கமேனும் நிறுத்தி ஓதிப் பொருள் பார்ப்போம். நூறு செய்திகளைத் தள்ளிவிடுவதைவிட, விளங்கிப் படித்த ஒரு வசனமே கல்பில் தங்கும்.

வல்ல நாயன் நம் நாவையும் விரலையும் பொய்யிலிருந்து காத்தருள்வானாக! ஆமீன்.