பிரட்டுக்கு முந்திய ஸ்தோத்திரம்

மனம் மகிழ்ந்திருக்கும் வேளையில் கடவுளைத் துதிக்கப் பழக்கம் தேவையில்லை; துதிப்பதற்குக் காரணம் ஒன்றும் தென்படாத நாளில் நா எழுவதற்கே பழக்கம் வேண்டும். இலங்கையின் பதுளை, பசறை, அப்புத்தளைத் தேயிலைத் தோட்டங்களில், விடியுமுன் தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் அடுப்பை மூட்டி, காலையில் ஆள்கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் புறப்படுமுன் இரண்டு வார்த்தை ஜெபித்துவிட்டுக் கூடையை எடுக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் இதனை உபதேசமின்றியே அறியும். அன்று முழுநாள் கூலியான முழுப்பேர் விழுமா, அரைநாள் கூலியான அரைப்பேரோடு திரும்ப நேருமா என்பது கொழுந்து நிறுத்த பின்னரே தெரியும். ஸ்தோத்திரமோ அந்தக் கணக்குக்கு முன்பே சொல்லப்பட்டுவிடுகிறது.

ஆயினும், ஒரு சந்தேகத்தைத் தாண்டிப் போகலாகாது. திருநெல்வேலி உபதேசியார்களைக் கொண்டு 1854-இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனுக்குத் தோட்டத் துரைமார் பொருளுதவி செய்தனர். அத்தகைய உபதேசியார், எந்நிலையிலும் நன்றி கூறுமாறு தொழிலாளிக்குப் போதித்தால், விளைவது தேவ துதியா, துரைக்கு வேண்டிய அடக்கமா? கேள்வி நியாயமானதே. துதியை மட்டும் கற்பித்து முறையீட்டை மறைக்கும் பிரசங்கத்தை நான் பக்தியென்று ஒப்புவதில்லை, வேதமும் ஒப்பவில்லை. சங்கீதங்கள் நூற்றைம்பதில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு முறையீடுகளே. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. ஆபகூக் தீர்க்கதரிசி கடவுளையே வழக்குக்கு அழைத்து, பின்பு அத்தியும் திராட்சையும் பொய்த்துத் தொழுவம் வெறுமையான நிலையைக் கண்முன் நிறுத்திக்கொண்டே தம் மகிழ்ச்சியை அறிவிக்கிறார். கேட்பவர் ஒருவர் உண்டென்ற விசுவாசமில்லாதவன் எவரிடம் முறையிடுவான்?

நம்பிக்கை வேறு, எதிர்பார்ப்பு வேறு. 1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோரான தோட்டமக்களுக்கு, மறுநாள் நிலைமை சீராகும் என்று எதிர்பார்க்க யாதொரு நியாயமும் இருக்கவில்லை. இருந்தும் காலையில் எழுந்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. எச்சமயத்தாரின் வழிபாடாயினும், அன்று செய்தது வீணாயிற்றா என்று கேட்பவருக்கு எளிய விடை கிடையாது. கிடைத்துவிட்டதாகக் கூறுவோரை நான் நம்புவதுமில்லை.

விடையில்லாத நாளிலும் ஜெபத்தைத் தாங்கும் ஒழுங்கு ஒன்று உண்டு. அப்புத்தளையில் சர் தோமஸ் வில்லியர்ஸ் 1931-இல் கட்டிய அடிசம் மாளிகை, துரைமார் காலம் போனபின் புனித பெனடிக்ட் துறவியரின் மடமாயிற்று. சங்கீதங்கள் அனைத்தும் வாரத்துக்கு ஒருமுறை ஓதப்பட வேண்டுமென்று அந்தப் புனிதர் வகுத்த ஒழுங்கின்படி, மகிழ்ந்திருப்பவனும் முறையீட்டைச் சொல்லியாக வேண்டும், துக்கித்திருப்பவனும் துதியைச் சொல்லியாக வேண்டும்; எவனுடைய மனநிலையையும் மடத்து மணி விசாரிப்பதில்லை. லயத்துக் குடும்பங்களும் இனிமையானவற்றை மட்டும் பொறுக்கிக்கொள்ளாமல், சங்கீதங்களை வரிசையாகவே வாசித்து வருவது நலமென்பது என் அபிப்பிராயம். 88 வரும் காலையில் 88-ஐயே வாசித்துவிட்டு மலைக்கு ஏறட்டும்.