பறக்காத மணிகள்

ஒருவன் தன் செயலுக்குத் தானே சாட்சியாக இருக்க முடியுமா என்பது பழைய கேள்வி. நீதிமன்றம் அப்படிப்பட்ட சாட்சியைச் சந்தேகத்தோடு கேட்டுக்கொள்கிறது. தொழிற்சாலை கேட்பதே இல்லை. சொன்னதை நம்பி எழுதிக்கொள்ளும் இடங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. விமானியாகப் பயிலும் மாணவனின் லாக் புத்தகம் அவற்றில் ஒன்று என்பது சமீபத்தில்தான் எனக்குத் தெரியவந்தது. தெரியவந்த விதம் அவ்வளவு கௌரவமானதல்ல.

ஒரகடத்தில் எங்கள் தெருவில் ஒரு தொழிலாளியின் மகன் விமானவியல் பட்டப்படிப்பில் சேர்ந்திருந்தான். பட்டம் பல்கலைக்கழகம் தருவது. விமானி உரிமம் தருவது மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். இரண்டும் வெவ்வேறு என்பது சேர்ந்த பிறகுதான் அந்தக் குடும்பத்துக்குப் புரிந்தது. வகுப்பில் வானிலை, வழி கணித்தல், விதிகள். பறப்பதற்கு வேறு மாநிலத்தில் ஒரு சிறு ஓடுதளம். எல்லாம் சேர்த்து அரைக் கோடியைத் தொடும் செலவு. பூர்வீக நிலம் போயிற்று; மீதிக்குக் கடன்.

வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி, விமானத்தின் பொறுப்பைத் தானே ஏற்றுப் பறந்ததாக இருக்க வேண்டும். விமானம் கிளம்புவதற்காகத் தன் சக்தியில் முதலில் அசைந்த கணத்திலிருந்து, இறங்கி ஓய்ந்து நிற்கும் கணம்வரை உள்ளதே பறந்த நேரம் என்கிறது விதி. அதைப் பறந்தவன் எழுதுகிறான். மேலே ஒருவர் ஒப்பமிடுகிறார். இன்று அந்த ஏடு கணினிக்குள்ளும் வந்துவிட்டது. ஆனாலும் முதல் சொல் பறந்தவனுடையது.

பையன் விடுமுறைக்கு வந்திருந்தபோது ஒரு மாலை என்னிடம் பேசினான். மழையில் ஒரு மாதம் போய்விட்டதாம். இருக்கிற விமானங்களில் பாதி பழுதாம். முறை வரக் காத்திருப்பவர்கள் ஏராளம். காத்திருக்கும் நாட்களுக்கும் விடுதி வாடகை உண்டு, வட்டியும் உண்டு. இந்நிலையில் அங்கே ஒருவர் அவனிடம் சொல்லியிருக்கிறார்: குறைகிற மணிகளில் பத்தை எழுதிக்கொள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

"இருநூறுங்கிறது யாரோ வச்ச நம்பர்தானே மாமா? அமெரிக்காவுல இருநூத்தி அம்பது கேக்கறாங்க. அப்போ நூத்தித் தொண்ணூறுல என்ன கொறைஞ்சுடும்?" என்றான்.

இந்தத் தர்க்கத்தை அலட்சியப்படுத்த முடியாது. எண் தன்னிச்சையானதுதான். நூற்றித் தொண்ணூறாவது மணியில் விமானியாக இல்லாதவன் இருநூறாவது மணியில் விமானியாகிவிடுவதில்லை. மணி திறமையை அளப்பதே இல்லை. திறமை உண்டாவதற்கான அவகாசத்தை மட்டுமே அளக்கிறது. அப்படியிருக்க, பத்து மணிப் பொய் யாருக்கு எதிரான பொய்?

பிளேட்டோவின் 'குடியரசு' இரண்டாம் புத்தகத்தில், அணிந்தவனைப் பிறர் கண்ணுக்குத் தெரியாமல் செய்யும் ஒரு மோதிரத்தின் கதை வருகிறது. அது கையில் இருந்தால் எவன் நேர்மையாக இருப்பான் என்பது அங்கே எழுப்பப்படும் கேள்வி. தனியாகப் பறக்கும் மாணவனுக்கு இந்த மோதிரம் கிடைத்துவிடுகிறது என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. வலது இருக்கையில் பயிற்சியாளர் இல்லை. அவருடைய எடை இல்லாததால் விமானம் பழகியதைவிட வேகமாக மேலே எழும்புகிறது. அவன் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

ஆனால் யோசிக்கும்போது இது சரியில்லை. ஆகாயத்தில் பொய் சொல்ல யாருக்கும் இடமில்லை. வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனால் இறக்கை தன் தாங்கும் சக்தியை இழக்கிறது. யாருடைய மகன் என்று அது கேட்பதில்லை. அங்கே நேர்மை ஒரு நிர்ப்பந்தம். ஆகவே அது ஒழுக்கம் ஆகாது. ஒழுக்கப் பிரச்னை தரையில், மேசைமேல், பேனாவைத் திறக்கும்போது தொடங்குகிறது. அப்போதும் மோதிரம் அவன் விரலில் இல்லை. அவன் எல்லோருக்கும் தெரியும்படிதான் உட்கார்ந்திருக்கிறான். கண்ணுக்குத் தெரியாமல் போவது மற்றவன் - என்றோ ஒருநாள் அவனுக்குப் பின்னால் வரிசையில் உட்கார்ந்து, பட்டையை மாட்டிக்கொண்டு தூங்கப்போகிற பயணி. பொய் சொல்பவன் தன்னை மறைத்துக்கொள்வதைவிடப் பிறரை மறைத்துவிடுவதே அதிகம்.

2011இல் இந்தியாவில் போலி மதிப்பெண் பட்டியல் காட்டி உரிமம் பெற்ற விமானிகள் கைதானார்கள். அதே ஆண்டு ராஜஸ்தானில், பறக்காத மணிகள் லாக் புத்தகத்தில் ஏறிய விவகாரம் விசாரணைக்கு வந்தது. விபத்துக்குப் பிறகு வந்த விசாரணைகள் அல்ல இவை. இது முக்கியம். பத்து மணிப் பொய்யால் அநேகமாக எந்த விமானமும் விழாது. பின்விளைவைக் காட்டிப் பயமுறுத்துவது பலவீனமான தர்க்கம். பையனும் அதை நம்பப்போவதில்லை.

விமானியாக இருந்த செந்த்-எக்சுபெரியின் 'குட்டி இளவரசன்' 1981லேயே தமிழில் வந்துவிட்டது. அதில் நட்சத்திரங்களை எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு வியாபாரி வருகிறான். எண்ணிய தொகையைத் தாளில் எழுதி இழுப்பறையில் பூட்டிவைத்தால் நட்சத்திரங்கள் தன்னுடையவை என்று நினைப்பவன். பறக்காத பத்து மணியை எழுதுகிறவனும் அப்படியொரு தாளைத்தான் பூட்டிவைக்கிறான். ஆனால் வியாபாரிக்குக் கடன் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பையனின் அப்பாவுக்கு நாங்கள் பேசியது எப்படியோ தெரிந்துவிட்டது. அவர் பதினெட்டு வருஷமாக இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர். அவருடைய மணி அவர் கையில் இருந்ததே இல்லை. முன்பு அட்டை, பிறகு விரல் ரேகை, இப்போது முகத்தைக் காட்ட வேண்டும். எத்தனை மணி உழைப்பது என்பதும் அவரைக் கேட்டு முடிவாவதில்லை. 2023 ஏப்ரலில் வேலை நாளை 12 மணி வரை நீட்டிக்க இடம்தரும் திருத்த மசோதாவைத் தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றியது. எதிர்ப்புக்குப் பின் மே 1ஆம் தேதி அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. 2024இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய முக்கியமான கோரிக்கை தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம். தன் சார்பில் தான் பேசினால் அது பேச்சாகக் கொள்ளப்பட வேண்டும் என்பதுதான் அதன் பொருள்.

அவர் மகனைத் திட்டவில்லை. கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டே சொன்னார்: "எத்தன மணி வேல செஞ்சேன்னு இதுவரைக்கும் என்னை ஒருத்தன் கேட்டதில்லடா. மிஷினத்தான் கேப்பான். ஒன்னக் கேக்கறான்."

இதற்குமேல் நான் ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை. மணி என்பது காலத்தின் அளவு அல்ல, ஒரு வாக்கு. செய்தவனும் சாட்சியும் ஒருவனாக இருக்க அனுமதிக்கப்படும் வாக்கு. அதில் பொய் கலக்கும் ஒவ்வொரு முறையும், கண்காணிக்கிற இன்னொரு யந்திரத்துக்கு இடம் உண்டாகிறது.

உடனே எதிர்க்கேள்வியும் வருகிறது. அந்த நம்பிக்கை அரைக் கோடி ரூபாய்க்கு விற்கப்படுகிற ஒன்றல்லவா? அப்பாவை நம்பாத சமூகம் பணம் கட்டிய மகனை நம்புகிறது என்றால், அது நம்பிக்கையா, வர்க்கச் சலுகையா? சலுகைதான். மறுக்க முடியவில்லை. ஆனால் சலுகையாக வந்த ஒன்று என்றாவது எல்லோருக்கும் உரிமையாக வேண்டுமானால், தற்சமயம் அதை வைத்திருப்பவன் அதைக் கெடுக்காமலாவது இருக்க வேண்டும். கெடுத்தால் மகனும் முகத்தைக் காட்டுவான். அப்பாவுக்கு ஒன்றும் திரும்பக் கிடைக்காது.

இதை நான் எழுதுவது சுலபம். வட்டி கட்டுவது நானல்ல. யாருக்கும் தெரியாத நேர்மைக்கு ஆகும் செலவு மாதாமாதம் வேறொரு வீட்டில் கழிகிறது. அந்தச் செலவைக் கணக்கில் எடுக்காத ஒழுக்க விசாரம், பறக்காமல் எழுதிய மணியைப் போன்றதுதான்.

பையன் எழுதவில்லை. திரும்பிப் போய் முறைக்காகக் காத்திருக்கிறான். போன வாரம் ஒன்றரை மணி கிடைத்ததாம்.