எந்த நாளின் கவலை?

‘ஒரு நோய் குணமாக’ என்று மட்டும் எழுதி, எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் மூன்று மாதங்களாகத் திருப்பலிக் கருத்து கொடுத்துவந்தார். வயது அறுபதை நெருங்கும். இருமுறை காணிக்கையைப் பெற்றுக்கொண்டு ஒன்றும் கேளாதிருந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மூன்றாம் முறைதான், “யாருக்கம்மா உடல்நலமில்லை?” என்று கேட்டேன். தரையைப் பார்த்தபடி, “எனக்குத்தான் சாமி” என்றார், அதற்குமேல் பேசவில்லை. மறுவாரம் மருந்தகம் நடத்தும் அருட்சகோதரியை உடனழைத்து வந்தார். சொல்லவேண்டியதைச் சகோதரியே சொன்னார். மாதவிடாய் நின்று ஏழு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் இரத்தப்போக்கு. மகளிடமும் சொல்லவில்லை; மருமகளிடம் சொல்ல நா எழவில்லை. இரவெல்லாம் உறக்கமில்லை. ஒன்றை மட்டும் அந்தத் தாயே கேட்டார்: “இப்படிப் பயப்படுவது விசுவாசக் குறைவுதானே, சாமி?”

குருக்களாகிய நாங்கள் இக்கேள்விக்கு விரைந்து விடைகூறிப் பழகியவர்கள். வானத்துப் பறவைகளையும் வயல்வெளி மலர்களையும் காட்டிக் கவலைப்படவேண்டாம் என்று ஆண்டவர் மொழிந்தாரல்லவா? மொழிந்தார். ஆனால் அங்கே அவர் பேசியது உணவையும் உடையையும் பற்றி. தன் உடலிலிருந்து காரணமின்றி வரும் இரத்தத்தைக் கண்டு ஒரு பெண்ணின் நெஞ்சு நடுங்குவது வேறு. கெத்சமனியில் அவரே கலங்கினார். அவருடைய வியர்வை இரத்தத் துளிகள்போல் நிலத்தில் விழுந்தது என்று லூக்கா எழுதுகிறார். அச்சமே விசுவாசக் குறைவாயின் அந்த இரவை நாம் எவ்வாறு வாசிப்பது?

குருமடத்தில் தேர்வுக்காகப் படித்து மறந்துபோன ஒரு பகுதி அன்று நினைவுக்கு வந்தது. இலத்தீனில் கவலைக்கும் அக்கறைக்கும் ஒரே சொல்தான் வழங்குகிறது. புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் சுருக்கத்தில் அதை விவேகம் என்னும் நற்பண்புக்கு உரியதாகவே வைக்கிறார். ஆனால் ஒவ்வொரு காலத்திற்கும் அதற்குரிய கவலை உண்டு என்கிறார். கோடையில் அறுவடையைப் பற்றிக் கவலைப்படலாம். இலையுதிர் காலத்துத் திராட்சைக் கொய்தலைப் பற்றி அப்போதே கவலைப்படுபவன் வேண்டாத சுமையை முன்கூட்டியே தூக்குகிறான்.

அந்தத் தாய் தூக்கியது அந்தச் சுமையைத்தான். புற்றுநோயாக இருந்தால் செலவுக்கு என்ன வழி, பேத்தியின் திருமணத்தைப் பார்ப்போமா என்றெல்லாம் இரவில் எண்ணினார். மருத்துவரிடம் செல்வது என்னும் அன்றைய கவலையையோ மூன்று மாதம் தொடவேயில்லை.

அன்றைய கவலைக்குத் தெளிவான வழி இருக்கிறது. மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் ஒருமுறை, ஒரு துளி கண்டாலும் மருத்துவரிடம் காட்டவேண்டும். இவ்வாறு காண்பவர்களில் ஏறத்தாழ 10 பேரில் 9 பேருக்குப் புற்றுநோய் இல்லை. கருப்பையின் உட்சுவர் மெலிந்துபோவதோ, பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சியோ காரணமாயிருக்கும். ஆனால் இந்த வயதில் உட்சுவரில் புற்றுநோய் கண்ட பெண்களை எடுத்துக்கொண்டால், அவர்களில் 10 பேரில் 9 பேருக்கு இந்த இரத்தப்போக்கு இருந்திருக்கிறது. அதனால்தான் காத்திருக்கலாகாது. முதலில் ஸ்கேன், உட்சுவர் 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தாலோ, போக்கு மீண்டும் வந்தாலோ, சிறிது திசு எடுத்துச் சோதிப்பார்கள். நோய் கருப்பைக்குள்ளேயே இருக்கும்போது கண்டறிந்தால், அறுவை சிகிச்சையால் பெரும்பாலோர் குணமடைகின்றனர்.

இவ்வளவு எளிதாயிருக்க, ஏன் சொல்லவில்லை? நம் வீடுகளில் இதற்கு வழங்கும் சொல்லே ‘தீட்டு’ என்பதாயிற்றே! லேவியர் நூலின் 15ஆம் அதிகாரமும் இத்தகைய பெண்ணைத் தீட்டுள்ளவள் என்றுதான் விலக்கி வைத்தது. பன்னிரண்டு ஆண்டுகள் அப்படி வாழ்ந்தவள்தான் கூட்டத்திற்குள் மறைந்துவந்து ஆண்டவரின் ஆடையைத் தொட்டாள். அவள் குணமான பின்னும் அவர் அவளை மறைவாகப் போகவிடவில்லை. யாயிரின் மகள் சாகும் தறுவாயில் கிடக்க, நின்று, தொட்டது யாரென்று கேட்டார். அவள் நடுங்கியபடியே வந்து, நடந்ததையெல்லாம் எல்லார் முன்னும் சொன்னாள். அவர் அவளை மகளே என்று அழைத்தார். இப்பகுதியை வைத்து எத்தனையோ ஆண்டுகள் விசுவாசத்தைப் பற்றி மறையுரை ஆற்றியிருக்கிறேன். அவள் நடுக்கம் தீர்ந்தபின் பேசவில்லை, நடுக்கத்தோடே பேசினாள் என்பது என் கண்ணில் பட்டதேயில்லை.

மருத்துவர்களிடம் செலவழித்தும் அவள் நிலை மோசமாயிற்று என்று மாற்கு சொல்வதை, மருத்துவத்திற்கு எதிராகச் சிலர் எடுத்துக்காட்டுவதுண்டு. மருத்துவர் என்று மரபு போற்றும் லூக்கா, மோசமாயிற்று என்பதை விட்டுவிடுகிறார்! சீராக்கின் ஞானமோ 38ஆம் அதிகாரத்தில், நோயுற்றவன் ஆண்டவரை மன்றாடட்டும், மருத்துவருக்கும் இடம் கொடுக்கட்டும், அவரைப் படைத்தவரும் ஆண்டவரே என்று கற்பிக்கிறது. குணமளிக்கும் செபக் கூட்டங்களில் இந்த அதிகாரம் வாசிக்கப்பட்டதை நான் கேட்டதில்லை.

அந்தத் தாய் மருமகளிடம் சொன்னார். மருமகளே விடுப்பெடுத்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். சோதனை முடிவுக்காகக் காத்திருந்த நாள்களில் மீண்டும் என்னிடம் வந்தார். “பயம் போகவில்லை சாமி, ஆனால் இப்போது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்” என்றார்.

இதை எழுத அனுமதி தந்தவர், முடிவை மட்டும் எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நல்ல முடிவென்றால், படிப்பவர்கள் நமக்கும் ஒன்றுமிராது என்று இருந்துவிடுவார்கள். கெட்ட முடிவென்றால், பயந்து போகாமலே இருந்துவிடுவார்கள் என்றார்.