பண்ணும் ஓசையும்: சொல்லற்ற கூட்டிசையில் வழிபாடு

ஆவடிக்கு மேற்கே அரக்கோணம் இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த திருநின்றவூர், வைணவருக்குப் பத்தராவிப் பெருமாள் எழுந்தருளிய திவ்யதேசமாகவும் சைவருக்குப் பூசலார் நாயனாரின் ஊராகவும் விளங்குகிறது. கோயிலெடுக்கப் பொருள் கிடைக்காத பூசலார் மனத்துள்ளேயே சிவபெருமானுக்கு ஆலயம் எழுப்பினார் என்பதும், காஞ்சியில் கற்றளி முடித்த பல்லவ மன்னன் குடமுழுக்குக்குக் குறித்த நாளும் அந்த அகக்கோயிலுக்குக் குறித்த நாளும் ஒன்றாக அமைந்ததால், இறைவன் மன்னனின் கனவில் தோன்றி அவனது விழாவைத் தள்ளிவைக்கச் சொன்னார் என்பதும் 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் கூறும் வரலாறு. மனம் இருந்தால் போதும், விதிமுறை வேண்டியதில்லை என்பதற்கு இதைச் சான்று காட்டுவது வழக்கம். நூலை ஊன்றிப் படித்தால் அது நேர்மாறான செய்தியையே தருகிறது. பூசலார் மனத்தில் பொருள்களைத் தேடிச் சேர்க்கிறார், தச்சரைத் திரட்டுகிறார், ஆகம விதிப்படி நல்ல நாள் பார்த்து அடிநிலை இடுகிறார், இரவிலும் உறங்காமல் சிகரம்வரை கட்டி முடிக்கிறார்; சுதை வேலையும் கிணறும் குளமும் சுற்றுமதிலும்கூட விட்டுப்போகவில்லை. கல் இல்லாத அக்கோயிலில் அளவு இருந்தது.

பல நாட்டு மரபுகளைச் சேர்த்து, பாட்டின் துணையின்றிக் கருவிகளாலேயே புதிதாகப் படைக்கப்படும் கூட்டிசையை வழிபாடு என்று கொள்ளலாமா என்ற வினாவுக்கு இங்கிருந்தே விடை தேட வேண்டும். தமிழ்ப் பக்தி பெரும்பாலும் சொல்லின்மேல் நிற்பது. சுரங்களின் அமைப்பான பண்ணும் திருப்பதிகத்தின் வழியாகவே கோயிலுக்குள் வந்தது. சொல் நீங்கினால் தெய்வத்தின் பெயர் நீங்குகிறது, மரபுகள் கலந்தால் ஊரின் பெயரும் நீங்குகிறது. எஞ்சுவது யாருக்குரிய இசை என்ற ஐயம் எழுவது இயல்பே.

1970களின் நடுவில் உருவான ‘சக்தி’ குழுவை இதற்கு உரைகல்லாகக் கொள்ளலாம். ஆங்கிலேயரான ஜான் மெக்லாலினின் கிதாரும், எல். சங்கரின் வயலினும், ஜாகிர் உசேனின் தபேலாவும், டி. எச். விநாயக்ராமின் கடமும் அதில் சேர்ந்தன. 1975இல் பதிவாகி அடுத்த ஆண்டு வெளிவந்த முதல் இசைத்தட்டில் ஆர். ராகவனின் மிருதங்கமும் உண்டு. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றிருந்த மெக்லாலின், கமகத்துக்காக, அதாவது ஒரு சுரத்தை அசைத்தும் வளைத்தும் அதற்கு உயிரூட்டும் முறைக்காக, தம் கிதாரையே மாற்றிக்கொண்டார். தந்திகளின் கீழுள்ள பலகையில் கட்டைகளுக்கு இடைப்பட்ட மரம் குழிவாகச் செதுக்கப்பட்டதால் வீணையைப் போலத் தந்தியை அழுத்தி வளைக்க முடிந்தது. குறுக்கே ஏழு ஒத்துத் தந்திகளும் பூட்டப்பட்டன. வேறொரு மரபை நாடிச் சென்றவர் தம் கருவியையே செதுக்கிக்கொண்டு சென்றார் என்பது, கூட்டிசையைப் பற்றிய எந்தக் கொள்கை விளக்கத்தையும்விடத் தெளிவான விளக்கமாகும். கடமோ தன் மண்ணை விட்டு நகரவில்லை. சமையலறைப் பானைக்கு உறவான அக்கருவி, 1991இல் மிக்கி ஹார்ட் தொகுத்த ‘பிளானட் டிரம்’ இசைத்தட்டில் நைஜீரிய, பிரேசில், புவேர்ட்டோ ரிக்கோ தாளக்கலைஞர்களின் கருவிகளுக்கு நடுவே ஒலித்தபோதும், தகதிமி எனச் சொல்லிப் பழகும் சொற்கட்டின் கணக்கையே பேசியது.

இசைத்தட்டுக் கடையில் எந்த அடுக்கில் வைப்பது என்ற கவலையில் 1987இல் லண்டனில் கூடிய சிறு நிறுவனத்தார் விற்பனைக்கெனத் தேர்ந்துகொண்ட ‘உலக இசை’ என்ற பெயர், இந்த நுட்பத்தை மறைத்துவிடுகிறது. தியானத்துக்கு உகந்தது என்ற முத்திரையோடு இன்று விற்கப்படும் கலவைகளில் பலவற்றில் புல்லாங்குழல் எந்த ஊருடையது என்று கேட்டால் விடை கிடைக்காது. அவை அமைதியாக இருக்கலாம், ஆனால் அவற்றில் அடிநிலை இடப்படவில்லை.

பானையைக் கொண்டே தத்துவம் பேசும் மரபும் நம்மிடம் உண்டு. குடத்துக்குள் இருக்கும் வெளியும் புறத்தே பரந்த வெளியும் வேறல்ல, குடம் உடைந்தால் இரண்டும் ஒன்றே என்று கூறி, உயிரும் பிரம்மமும் ஒன்றே என நிறுவுவது கௌடபாதரின் மாண்டூக்கிய காரிகை. கூட்டிசையை இவ்வுவமையால் விளக்குவோர், மரபுகள் என்னும் குடங்கள் உடைந்தபின் எஞ்சும் ஒரே நாதத்தைப் புகழ்வர். ஆனால் மேடையில் குடம் உடைந்தால் வெளி மிஞ்சலாம், கடம் மிஞ்சாது. 13ஆம் நூற்றாண்டின் மெய்கண்டார் வேறு வழி காட்டுகிறார். இரண்டு பொருள்கள் தம் தன்மை கெடாமலேயே பிரிக்க முடியாதபடி நிற்கும் நிலையை அத்துவிதம் என்று கொண்டு, இறைவன் எங்கும் கலந்து நிற்பதற்குப் பழமும் சுவையும் போல, பண்ணும் ஓசையும் போல என்று சிவஞானபோதத்தில் உவமை சொல்கிறார். ஓசையின்றிப் பண் கேட்காது. ஆயினும் ஓசையெல்லாம் பண்ணாகிவிடுவதில்லை. கூட்டிசைக்குப் பொருந்துவது இந்த அத்துவிதமே.

சொல் இல்லையே என்ற ஐயத்துக்குச் சேக்கிழாரிடமே விடை இருக்கிறது. ஆயர் குலத்து ஆனாய நாயனார் பதிகம் எதுவும் பாடியவர் அல்லர். மூங்கிலை நூல்விதிப்படி அரிந்து, அளவறிந்து துளையிட்ட குழலில் ஐந்தெழுத்தை இசைத்தார். அதைக் கேட்டுப் பாம்பு மயிலின்மேல் மயங்கி விழுந்தது, சிங்கமும் யானையும் பகை மறந்து அருகருகே வந்தன என்கிறது புராணம். பாம்பு பாம்பாகவும் மயில் மயிலாகவுமே இருந்தன. சிவாலயங்களில் அறுபத்துமூவர் வரிசையில் ஆனாயர் இன்றும் கையில் குழலோடுதான் நிற்கிறார்.