தொட்டிலில் தொடரும் அநீதி

பிறந்த மண் ‘நீ என் பிரஜையல்லன்’ என்று தள்ள, புகுந்த மண் ‘நீ அந்நியன்’ என்று ஒதுக்குமாயின், மனிதன் எங்கே போவான்?

பர்மா என்னும் மியான்மரில், 1823க்கு முன்பே குடியிருந்த இனத்தாரே இயல்பான பிரஜைகள் என வகுத்தது 1982ஆம் வருஷத்துச் சட்டம். ரோஹிங்கியர் அவ்வினங்களுள் சேர்க்கப்படாது நாடற்றோராயினர். 2017இல் இராணுவக் கொடுமைக்கு அஞ்சி ஏழு லட்சத்துக்கு மேற்பட்டோர் வங்காளதேசம் புகுந்தனர். செல்வ நாடல்லாத அது இடமும் உணவும் ஈந்தது, அதனைப் போற்றுகிறோம். ஆயினும், முகாமில் பிறக்கும் குழந்தைக்கு அங்கும் பிரஜாவுரிமை இல்லை.

உரிமை அளித்தால் பர்மா செய்த அநீதியை ஒப்புக்கொண்டதாகாதா என்பர் சிலர். அவ்வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. எனினும், இரு சர்க்கார்களின் வழக்குக்குக் குழந்தையைப் பிணை வைப்பது எந்தத் தருமம்?

‘எல்லாம் தலைவிதி’ என்பாருக்கு நாம் கூறுவது இது: இலங்கைத் தோட்டத் தமிழர் பல லட்சம் பேரை நாடற்றோராக்கியது 1948ஆம் வருஷத்துச் சட்டமே, அவருள் எஞ்சியோருக்கு 2003இல் உரிமை ஈந்ததும் ஒரு சட்டமே. மனிதர் எழுதியதை மனிதர் திருத்தலாம்.

மலேசியாவிலும் ரோஹிங்கிய அகதிகள் லட்சத்துக்கு மேல் உளர். தோட்டத்து வாழ்வை அறிந்த நாமே அவர்களை இகழ்வோமாயின், வேறு எவரிடம் நீதி கேட்போம்?